பூ மட்டும் தாங்கும் கொக்கி

தட்டில் இருந்த கேசரியைச் சிகாமணி மறுபடியும் பார்த்தான். ஒரு விள்ளல்கூட எடுக்கவில்லை, அதற்குள் வாயெல்லாம் நெய்யாக இருந்தது. பார்க்கப் பார்க்க அது இந்தக் கூடத்துச் சுவரைப் போலவே இருந்தது. அதே மஞ்சள், அதே மினுமினுப்பு, ஓரத்தில் அதே வழிசல். நடுவில் வளைந்து கிடந்த முந்திரியைக்கூட நாம்தான் அச்சில் வார்த்து ஒட்டினோமோ என்று சந்தேகம் வந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் சென்னியப்பன் வீட்டுக் கூடம் இது. மகள் மிருதுளாவின் குழந்தைக்கு இன்று தொட்டில் போட்டுப் பேர் வைக்கிறார்கள். பத்தரைக்கு நல்ல நேரம் தொடங்குகிறது, இப்போது பத்து அடிக்க ஐந்து நிமிஷம். எட்டு மாதத்துக்கு முன்னால் இந்தக் கூடத்தை ரொக்கோக்கோ பாணியில் இழைத்துக் கொடுத்த டிசைனர் என்ற மரியாதையில் அவனை முதல் வரிசை சோபாவில் உட்கார வைத்திருந்தார்கள். சோபாவுக்கு ஆட்டுக்கால் மாதிரி வளைந்த தங்கக் கால்கள். அதுவும் அவன் வரைந்ததுதான். நான்கடி தள்ளி, மேலே, கூரையில் ஒரு தங்கச் சிப்பி வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. சிப்பியின் வாயிலிருந்து ஒரு தங்கக் கொக்கி தொங்கியது. அந்தக் கொக்கியில்தான் தொட்டிலைக் கட்டப் போகிறார்கள். அந்தக் கொக்கி தொட்டிலைத் தாங்காது. கூடத்தில் இருக்கும் எண்பது பேரில் இது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

இது பூ மட்டும் சார். முன்னாலால் சொன்ன வார்த்தை. பீகாரிலிருந்து வந்து பதினைந்து வருஷமாக இந்த ஊரிலேயே கூரை வேலை செய்கிற ஆள், தனக்குத் தெரிந்த தமிழில் நாலே வார்த்தையைப் பொறுக்கி எடுத்துச் சாரத்தின் மேலிருந்து சொன்னான். இது பூ மட்டும் சார். பூச்சரம் தொங்கவிடலாம், வேறு எதுவும் ஆகாது என்று அர்த்தம். தெரியும்ப்பா, யார் இதில் என்னத்தைக் கட்டப் போகிறார்கள், அழகுக்குத்தானே என்று இவன் கீழேயிருந்து சொன்னான். நல்ல கொக்கி ஒன்று இருக்கத்தான் இருந்தது. வீடு கட்டும்போதே காங்கிரீட் கம்பியோடு சேர்த்துக் கட்டிக் கூடத்தின் நட்டநடுவில் விட்டிருந்தார்கள், ஊஞ்சலுக்கோ தொட்டிலுக்கோ ஆகட்டும் என்று எல்லா வீட்டிலும் விடுவதுதான். அப்புறம் வாஸ்துக்காரர் வந்தார். நடு வீடு பிரம்மஸ்தானம், அங்கே கூரையிலிருந்து ஒரு பாரமும் தொங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். சிப்பியை ஒன்றரை அடி கிழக்கே நகர்த்திப் போடுங்கள் என்றார் சென்னியப்பன், மேசையை நகர்த்தச் சொல்வது போல. நகர்த்தினான். நல்ல கொக்கி ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருட்டுக்குள் போய்விட்டது. நகர்ந்த சிப்பிக்கு வாயில் எதுவும் இல்லாமல் இருந்தால் மொட்டையாகத் தெரிகிறதே என்று அவனாகவே ஒரு கொக்கியை வரைந்தான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே. தகரச் சட்டத்தில் இரண்டு கம்பி, கொஞ்சம் தேங்காய் நார், மேலே பி.ஓ.பி. என்கிற பிளாஸ்டர் கரைசல், அதற்கும் மேலே தங்கப் பூச்சு. கொக்கி என்றால் ஏதோ ஒன்றைத் தாங்குவது என்றுதான் யாரும் நினைப்பார்கள் என்பது அன்றைக்கு அவன் மண்டையில் ஏறவே இல்லை. சிப்பி நடுவில் இல்லையே என்று பார்க்க வந்தவர்கள் கேட்டபோது, ஒருபக்கமாக ஒதுங்கி இருப்பதுதான் இந்தப் பாணிக்கே உயிர் என்று வேறு சொன்னான். அது உண்மைதான். உண்மையைச் சொல்லியே ஒரு பொய்யை மூட முடிகிறது என்பதை நினைத்தபோது அடிநாக்கில் கசந்தது.

சிப்பிகள், எத்தனை சிப்பிகள். கூரையில் ஒன்று பெரியது, சுவர் மேல்விளிம்பில் பன்னிரண்டு சின்னது. கண்ணாடிச் சட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று எதிரும் புதிருமாக வைத்தான். ஒட்டி முடித்த அன்று சென்னியப்பன் வந்து ஒவ்வொன்றாகக் கிட்டே போய், மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் சுழியைத் தடவிப் பார்த்தார். பாதி வலம்புரியா இருக்குது, பாதி இடம்புரியா இருக்குதே, என்னுங்க தம்பி இது, வீட்டுல எல்லாமே வலம்புரியா இருந்தாத்தானுங்க நல்லது என்றார். ஒன்றுக்கொன்று எதிராகச் சுழித்தால்தான் அது ஜோடி என்று இவன் சொல்லிப் பார்த்தான். ஜோடி கெடக்கட்டுமுங்க என்றார். ஆறு சிப்பியைப் பெயர்த்து, புது அச்சு போட்டு, எல்லாமே ஒரே பக்கம் சுழிக்கும்படி ஒட்டினான். இப்போது பன்னிரண்டும் ஒரே திசையைப் பார்த்து நிற்கின்றன, பேருந்துக்கு நிற்கிற கூட்டம் மாதிரி. அப்புறம் அந்தக் குழந்தைகள். இறக்கை முளைத்த கொழுத்த குழந்தைகள் எட்டு, மூலைக்கு இரண்டாக. வெறும் உடம்போடு இருக்கிறதே என்று வீட்டம்மா வசந்தாமணி அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை. துணி கட்டிவிட வேண்டாம், ஆனால் அரைஞாண்கூட இல்லாமல் குழந்தையை விடுவார்களா என்று கேட்டார். எட்டுக்கும் பி.ஓ.பி.யில் அரைஞாண் வைத்து வெள்ளிப் பூச்சுப் பூசினான். அதை நினைத்து முதல் நாள் சிரித்தான். வீட்டுக்குப் போய் மனைவி கோகிலாவிடம் சொல்லி அவளையும் சிரிக்க வைத்தான். இன்றைக்கு நிமிர்ந்து பார்த்தால் இந்த வீட்டில் அந்த அரைஞாண் ஒன்றுதான் யாரோ ஒருவர் அக்கறையோடு கேட்டு வாங்கியதாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் கொழுப்பு. சுவரெல்லாம் கொழுப்பு. மல்லிகை வாடை, பன்னீர் வாடை, புது ரெக்ஸினில் எண்பது பேர் வேர்வை, அதற்கு நடுவே குழந்தை கக்கிய பாலின் புளிப்பு வாடை. கேசரித் தட்டைச் சோபாவுக்கு அடியில் தள்ளினான்.

முதன்முதலில் இந்த ரொக்கோக்கோவைப் பார்த்தபோது அவனுக்கு இருபது வயசு. ஓவியக் கல்லூரி நூலகத்தில், தாள் ஒன்றோடொன்று ஒட்டிப்போன ஒரு பெரிய புத்தகம். பிரித்த இடத்தில் ஒரு அறை. வெளிறிய வெள்ளை, அதில் நூல் நூலாகத் தங்கம் ஓடியது. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பாரிஸில் கிழட்டு ராஜா செத்ததும் பிரபுக்கள் அரண்மனையை விட்டு ஓடிவந்து, சின்னச் சின்ன அறைகளில் நெருங்கி உட்கார்ந்து பேசுவதற்காகச் செய்துகொண்ட அலங்காரம் என்று அடியில் போட்டிருந்தது. பாறையும் சிப்பியும் கொடியும் அலையுமாக, எதுவும் நேர்க்கோட்டில் போகவில்லை. சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. மூலை என்பதையே ஒழித்துக்கட்டியிருந்தார்கள். அந்த அறைக்கு எடையே இல்லை என்று தோன்றியது. ஒழுகுகிற விடுதி அறையில் நான்கு மூலையிலும் பூஞ்சை பிடித்த சுவர்களுக்கு நடுவே படுத்துத் தூங்குகிறவனுக்கு அது போதாதா? சாப்பாட்டுக்குப் போகாமல் அந்தப் பக்கத்தோடு அரை நாள் உட்கார்ந்திருந்தான். அதை அவன் உண்மையாகவே விரும்பினான், அதில் பொய் இல்லை. எங்கே போய் முடிந்தது பார். நூலாக இருந்தது கயிறாகி, கயிறு வடமாகி, வடம் வடமாகத் தங்கம் இந்தச் சுவரில் தொங்குகிறது, காது அறுந்துவிடுகிற பாம்படம் போல. கொஞ்சம் தூக்கலாப் போடுங்க தம்பி, இன்னுங் கொஞ்சம், பாக்கறவங்களுக்குத் தெரியோணுமல்லங்க. இவனும் தூக்கலாகப் போட்டான். எது எதைத் தாங்குகிறது என்று பார்க்கிறவனுக்குத் தெரியக் கூடாது, அழகே அதுதான் என்று இருபது வயசில் நினைத்தான். இன்றைக்கு அதே அழகில்தான் ஒரு குழந்தையைத் தொங்கவிடப் போகிறார்கள். எதிரே ஆறு கண்ணாடி, ஆறிலும் பட்டு வேட்டி கட்டிய ஒரு சிகாமணி உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

தாங்குமுங்களா தம்பி என்று வசந்தாமணி அக்கா கேட்டது வீட்டைச் சாவி கொடுத்து ஒப்படைத்த அன்று. மகள் மிருதுளா அப்போது மூன்று மாதக் கர்ப்பம். அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார், நெற்றியில் கையை வைத்து, வெயிலில் பார்ப்பது போல. "அந்தக் கொக்கி தாங்குமுங்களா தம்பி?" எதைத் தாங்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நாலு பேர் நின்றார்கள், சென்னியப்பன், அவர் மச்சான் நாச்சிமுத்து, ஃபோட்டோ எடுக்க வந்தவர்கள். அந்தக் கேள்வியில் ஏதோ ஒன்று இவனைச் சுருக்கென்று குத்தியது. இவ்வளவு செய்து வைத்திருக்கிறேன், இந்த அம்மாளுக்குக் கேட்கத் தோன்றியது இதுதானா, படிக்காதவர்களுக்கு எல்லாமே சுமைதூக்கிதான் என்று ஒரு எரிச்சல். "யானையக் கட்டுனாலும் தாங்குங்கக்கா" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், சரியென்று நம்பித் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டல். எட்டு மாதமாக அதை மறந்தே போயிருந்தான். இன்று காலை வாசலில் பன்னீர் தெளித்து உள்ளே அழைத்தபோது அவரே சொன்னார், உங்க கொக்கிலதான் தம்பி எம் பேத்தி ஆடப்போறா என்று. உங்க கொக்கி. அப்போதிலிருந்து அவன் அந்தக் கொக்கியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இதோ சென்னியப்பன். சந்தனக் கிண்ணத்தோடு வரிசையாக எல்லார் கையிலும் தடவிக்கொண்டு வருகிறார். இப்போது சொல்லிவிடலாம். காதோடு காதாகச் சொன்னால் யாருக்கும் தெரியாது. எப்படித் தொடங்குவது? ஒரு சின்ன விஷயமுங்க. சின்ன விஷயமா அது? ஒரு பெரிய தப்பு நடந்துபோச்சுங்க. நடந்துபோச்சா, தானாகவா நடந்தது? வார்த்தையை எடுத்து எடுத்து வைத்துப் பார்த்தான், எல்லாவற்றிலும் ஒரு வளைவு இருந்தது. அதற்குள் அவர் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னுங்க டிசைனரு, மொகமே சரியில்ல? காப்பி கீப்பி வேணுமுங்களா?"

"இல்லீங்க. வந்துங்க... தொட்டிலுக்கு ஒரு ஸ்டேண்டு வெச்சுப்போட்டா நல்லா இருக்குமுங்களே. இப்பெல்லாம் எல்லாரும் அப்படித்தானுங்க..."

"ஸ்டேண்டா?" அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "ஆஸ்பத்திரியில குளுக்கோஸ் ஏத்தற மாதிரியா? அட ஏனுங்க நீங்க வேற! இம்புட்டுப் பெரிய சிப்பியப் பண்ணி வெச்சுப்போட்டு ஸ்டேண்டுங்கறீங்க. சிப்பிக்குள்ள முத்தாட்டம் எம் பேத்தி ஆடறத எல்லாரும் பாக்கோணும். மச்சான்கூட அதுக்குத்தான் வந்திருக்கறாரு. அவரு மண்டபத்துக்கு இதே மாதிரிப் பண்ணோணும்னு ஒரே புடியா இருக்கறாரு, பாத்துக்குங்க."

தூணோரம் நின்ற நாச்சிமுத்து இந்தப் பக்கம் பார்த்துக் கையைத் தூக்கினார். இவனும் தூக்கினான். தூக்கிய கையைப் பார்த்து, இது யார் கை என்று இருந்தது. அவ்வளவுதான், சென்னியப்பன் எழுந்து அடுத்த வரிசைக்குப் போய்விட்டார், மணிக்கட்டில் சந்தனம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

சொல்லவில்லை. சொல்கிற வாய் ஸ்டேண்டு என்று உளறியது. அவனுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது, துப்புவதற்கு இந்தக் கூடத்தில் இடம்கூட இல்லை. அவனுடைய மகளுக்குத் தொட்டில் கட்டிய நாள் நினைவுக்கு வந்தது. ராயபுரத்தில் வாடகை அறை, ஓட்டுக் கூரை, ஒரே ஒரு உத்திரம். கோகிலாவின் பழைய நூல்சேலையை முறுக்கி உத்திரத்தில் போட்டு முடிச்சிட்டான். முடிச்சிட்டுவிட்டுக் குழந்தையைக் கொடு என்று கையை நீட்டவில்லை. சேலையை இரண்டு கையாலும் பிடித்து, காலைத் தூக்கிக்கொண்டு, முழு உடம்பையும் விட்டுத் தொங்கினான். உத்திரம் முனகியது. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. கோகிலா வாசற்படியில் குழந்தையோடு உட்கார்ந்து, மொதல்ல நீங்க தூங்குங்க, அப்பறம் அவளப் போடலாம் என்று சிரித்தாள். மூன்று முறை தொங்கிப் பார்த்த பிறகுதான் போட்டான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. தன் குழந்தை என்றால் கை தானாக அதைச் செய்கிறது. அடுத்தவன் வீட்டுக் குழந்தை என்றால் யானையைக் கட்டலாம். அவ்வளவுதானா நான் என்று நினைத்தான். அவ்வளவுதான் என்று ஆறு கண்ணாடியும் காட்டின.

தொட்டிலைக் கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. தேக்கு, நான்கு பக்கமும் வெள்ளிப் பூண், பித்தளைச் சங்கிலி தனியாகத் தரையில் விழுந்து கலகலத்தது. உள்ளே மெத்தை, மெத்தை மேல் பட்டு, பட்டின் மேல் அத்தைமார்கள் போடப்போகிற வெள்ளி டம்ளரும் கொலுசும். அதற்கப்புறம்தான் குழந்தை, அது என்ன, ஐந்து கிலோ இருக்குமா. மிருதுளா அதை மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். குழந்தை தன் கைமுட்டியை முழுவதும் வாய்க்குள் திணிக்கப் பார்த்து, முடியாமல், முட்டியைக் கோபமாகப் பார்த்தது. ஒருவேளை தாங்கிவிட்டால்? இரண்டு கம்பி இருக்கிறதே, நார் இருக்கிறதே. முன்னாலால் எல்லாவற்றுக்கும் பயப்படுகிற ஆள். பத்து நிமிஷம் தாங்கினால் போதும், பேர் வைத்ததும் குழந்தையை எடுத்துவிடுவார்கள், பால் கொடுக்க வேண்டாமா? நாளைக்குத் தங்கப் பூச்சைச் சரிபண்ணுகிறேன் என்று முன்னாலாலைக் கூட்டிக்கொண்டு வந்து, மேலே துளை போட்டு, ஒரு இரும்புக் கம்பியைக் காங்கிரீட்டோடு இறுக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. மண்டப வேலையும் வரும், பேரும் கெடாது, குழந்தையும் ஆடும். எவ்வளவு வழுவழுப்பாக வந்து உட்கார்ந்தது அந்த யோசனை! முனை இல்லை, மூலை இல்லை, எங்கே பயம் முடிகிறது, எங்கே கணக்கு தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு அத்தையும் ஆட்டுவாளே. நிற்கிற பாரம் வேறு, ஆடுகிற பாரம் வேறு. ஒருத்தி மெதுவாக ஆட்டுவாள், ஒருத்தி உறவைக் காட்டுவதற்காக ஓங்கித் தள்ளுவாள். சிப்பி நாற்பது கிலோ. தொட்டில் கீழே விழும், அதன் மேல் சிப்பி விழும். அதற்கு மேல் நினைக்க முடியாமல் அவன் மனசு திரும்பி வந்து, மறுபடியும் ஒருவேளை தாங்கிவிட்டால் என்று தொடங்கியது. மூன்றாவது முறை அது தொடங்கியபோது நெஞ்சுக்குள்ளிருந்து புளிப்பாக ஏதோ மேலே வந்தது. அதைத் திரும்ப விழுங்கினான். என்ன பிறவி நீ என்று தன்னைக் கேட்டுக்கொண்டான். நாச்சிமுத்து மடக்கு ஏணியை விரித்துச் சிப்பிக்கு அடியில் வைத்தார். மணி பத்தரை.

எழுந்தது தெரியவில்லை, நடந்தது தெரியவில்லை, ஏணிக்குப் பக்கத்தில் நின்றான்.

"நானே கட்டறனுங்க" என்றான்.

கூடம் சந்தோஷப்பட்டது. செஞ்சவர் கையாலயே கட்டட்டும், அதுதானுங்க மொற என்று யாரோ சொன்னார்கள். ஃபோட்டோக்காரர் முன்னால் வந்து குந்தினார். சங்கிலியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு ஏறினான். கிட்டே போனதும் சிப்பி வேறு மாதிரி இருந்தது. பூச்சில் விரல் ரேகை, சுழிக்குள் ஒரு செத்த பல்லி, உலர்ந்து, அதன் மேலும் தங்கத் தூள். சங்கிலியைக் கொக்கியில் மாட்டினான். கொக்கி லேசாக அசைந்து இடம் கொடுத்தது, ஆடுகிற பல் நாக்குக்கு இடம் கொடுப்பது போல. அப்படியே இறங்கினான். ஏணியை மடக்கி ஓரமாகத் தள்ளினான். தொட்டிலைத் தூக்கப் போனவர்களைக் கையால் தடுத்தான்.

"கொஞ்சம் தள்ளிக்குங்க. எல்லாருமே தள்ளிக்குங்க. ஃபோட்டோக்காரரே, நீங்களுந்தான்."

சங்கிலியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே எட்டிப் பிடித்தான். மிருதுளா இருக்கிற இடத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டான், பன்னிரண்டு அடி இருக்கும். பிறகு காலைத் தூக்கினான்.

தாங்கியது. ஒரு நொடி, ஒன்றரை நொடி, முழு உடம்பும் காற்றில் இருந்தது, சங்கிலி மெல்ல முறுக்கிக்கொண்டது. எதிர்க் கண்ணாடியில் பட்டு வேட்டி கட்டிய நடுவயசுக்காரன் ஒருவன் குரங்கு மாதிரித் தொங்கினான். யாரோ சிரித்தார்கள். அவனுக்கு, சொன்னால் வெட்கக்கேடு, ஏமாற்றமாக இருந்தது. தாங்கிவிட்டதே, இனி என்ன சொல்லி நிறுத்துவது என்று நினைத்தான். அப்போது மேலே பாக்கு வெட்டுவது போல ஒரு சத்தம் கேட்டது. பிறகு கூரை வந்தது.

கண்ணைத் திறந்தபோது எல்லாம் வெள்ளையாக இருந்தது. வலது தோள் தன்னுடையது இல்லை என்பது போல எரிந்தது. வாய் நிறையச் சுண்ணாம்பு. நாற்பது கிலோ சிப்பி மூன்று துண்டாகப் பக்கத்தில் கிடந்தது, உள்ளே நார் தெரிந்தது, தேங்காய் மட்டையிலிருந்து பிய்த்த சாதாரண நார். மூலையிலிருந்து அதிர்ந்து கழன்ற ஒரு கொழுத்த குழந்தை தலையில்லாமல், அரைஞாண் மட்டும் குறையாமல், கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் உருண்டு கிடந்தது. நிஜக் குழந்தை எதிர்ச் சுவரோரம் வீறிட்டு அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. அழு, நன்றாக அழு என்று நினைத்தான்.

"ஒண்ணுமில்லீங்க! ஒண்ணுமில்லீங்க!" சென்னியப்பனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "கொழந்தைக்கு வந்தத இவரு வாங்கிட்டாருங்க! இத்தன பேரு கண்ணு பட்டுதல்லங்க, அதான். திருஷ்டி கழிஞ்சுதுன்னு நெனச்சுக்குங்க! யாராச்சும் ஒரு பூசணிக்கா எடுத்துட்டு வாங்க!"

ஆமாமா, திருஷ்டிதான் என்றார்கள். கூடம் முழுக்க அந்தச் சொல் ஓடி, எல்லாரும் ஒரு மூச்சு விட்டார்கள். பேத்தியக் காப்பாத்துனீங்க தம்பி, குலதெய்வமாட்டம் வந்தீங்க என்று ஒரு கிழவர் கும்பிட்டார். நாச்சிமுத்து குனிந்து, அடிகிடி பட்டுதுங்களா, இதையே இன்னும் பெருசாப் பண்ணிப்போடலாம் உடுங்க என்றார். சிகாமணிக்குப் புரிந்தது. வாயைத் திறக்கவே வேண்டாம், தலையை மட்டும் ஆட்டினால் போதும். முழுப் பொய்யையும் அவர்களே செய்து, பூச்சும் பூசி, கையில் கொடுக்கிறார்கள். குமட்டிக்கொண்டு வந்தது. ஒருபக்கமாகச் சாய்ந்து, அந்த மார்பிள் தரையில், எல்லார் முன்னாலும், வெறும் வயிற்றிலிருந்து வந்ததையெல்லாம் வாந்தி எடுத்தான். அதிலும் தங்கத் தூள் மின்னியது.

ஒரு கை அவன் நெற்றியைப் பிடித்துக்கொண்டது. வசந்தாமணி அக்கா. சொம்புத் தண்ணீரை வாயில் ஊற்றி, முந்தானையால் துடைத்தார். துடைத்துக்கொண்டே, பக்கத்தில் இருப்பவர்களுக்குக்கூடக் கேட்காமல் சொன்னார்.

"யானையக் கட்டுனாலும் தாங்கும்னீங்களே தம்பி."

அவர் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை. கணக்கு வாத்தியார் விடையைக் கேட்பது போல, விடையை மட்டும் கேட்கிற முகம்.

"பொய் சொன்னனுங்கக்கா" என்றான். குரல் கரகரத்தது, கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "அது பூ மட்டுந்தானுங்க தாங்கும். அன்னிக்கே எனக்குத் தெரியும். இன்னிக்குக் காலையில இருந்து இங்க உக்காந்துட்டு, தெரிஞ்சே சொல்லாம இருந்தனுங்க."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. கும்பிட்ட கிழவர் கையை இறக்கிக்கொண்டார். நாச்சிமுத்து இரண்டடி பின்னால் போனார். சென்னியப்பன் இவனைப் பார்த்தார், தரையில் கிடந்த சிப்பித் துண்டுகளைப் பார்த்தார். வசந்தாமணி முந்தானையை எடுத்து உதறிவிட்டு எழுந்தார். அண்ணாந்து பார்த்தார், அன்றைக்குப் போலவே நெற்றியில் கை வைத்து. சிப்பி இருந்த இடத்தில் கூரை பெரிதாகப் பிய்ந்திருந்தது. தகரச் சட்டங்கள் வளைந்து தொங்கின. அவற்றுக்கு மேலே சாம்பல் நிறத்தில் வெறும் காங்கிரீட், அதன் நடுவில் துருப் பிடித்த ஒரு இரும்புக் கொக்கி.

"அது?" என்றார்.

"அது தாங்குங்கக்கா. ஊடு கட்டறப்பவே கம்பியோட சேத்துக் கட்டி உட்டது."

"நீங்கதான சொல்றீங்க" என்றார்.

அவர் தன் அண்ணன் நாச்சிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, அந்தச் சங்கிலிய எடுத்து அதுல மாட்டு."

"அது நடு வீடு, வசந்தா" என்றார் சென்னியப்பன். "வாஸ்துக்காரரு..."

"மாட்டுண்ணா."

நாச்சிமுத்து ஏணியை மறுபடியும் விரித்தார். இடிபாட்டுக்குள்ளிருந்து சங்கிலியை உருவி எடுத்து, தட்டி, ஏறி மாட்டினார். வசந்தாமணி கொசுவத்தை இழுத்துச் செருகினார். ஐம்பத்து மூன்று வயசு, முழங்கால் வலிக்குத் தைலம் போடுகிற உடம்பு, கழுத்தில் காசுமாலை. எண்பது பேரும் பார்த்துக்கொண்டிருக்க, சங்கிலியை இரண்டு கையாலும் எட்டிப் பிடித்து, ஒரு முறை இழுத்துப் பார்த்து, காலை இரண்டையும் தரையிலிருந்து தூக்கினார். சிகாமணி தரையில் கிடந்தபடி அவருடைய பாதங்களைப் பார்த்தான். மருதாணி வைத்த இரண்டு பாதம், காற்றில், கொஞ்சம் நடுங்கிக்கொண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினான். இருபதுவரை எண்ணினான். கொக்கி அசையவில்லை.

அவர் காலை ஊன்றினார். உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"குடு கண்ணு" என்றார். "நேரம் இருக்குது."